மதகுக்கு வந்த காசோலை

சதுப்பேரியின் மதகு உடைந்த வருடம், எங்கள் வேட்டைச் சங்கத்துக்கு ஒரு காசோலை வந்தது. கொடுத்தவர் டில்டா ராஸ்முசன், ஊரின் பழைய பல் டாக்டர். ஓய்வு பெற்றபின் கழுத்தில் பைனாகுலரோடு பறவை பார்த்துத் திரிகிறவர்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கம் தண்ணீர் நின்றால்தான் வாத்து இறங்கும். வேட்டை உரிமத்துக்கும் தோட்டா வரிக்கும் நாங்கள் கட்டிய பணத்தில்தான் அந்த இடமே உழவுக்குப் போகாமல் தப்பியது. அங்கே இதுவரை ஒரு பைசாகூடக் கட்டாதவர்கள் பறவை பார்ப்பவர்கள் என்பது எங்கள் எண்ணம்.

சங்கத் தலைவர் வெர்லின், டில்டாவை எதிரே வைத்துக்கொண்டே காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் பதிலா என்ன கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்கல. மதகு வேணும், அவ்வளவுதான்."

"முப்பது வருஷமா எங்க பல்லைப் புடுங்கினீங்க. இப்ப துப்பாக்கியையும் புடுங்கலாம்னு வந்துட்டீங்களா, டாக்டர்?"

நாங்கள் சிரித்தோம். டில்டா சிரிக்கவில்லை.

வெர்லினுக்குச் சந்தேகம் தீரவில்லை. அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் சதுப்புக்குப் போனார். நானும் கூடப் போனேன். மிச்சமிருந்த தண்ணீரின் கரையில் மடக்கு நாற்காலி போட்டு டில்டா எழுதிக்கொண்டிருந்தார். வெர்லின் எட்டிப் பார்த்தார். வாத்துக் கணக்குக்குப் பக்கத்திலேயே வேறொரு கணக்கு: எத்தனை வேட்டு, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு.

"எங்களை வேவு பாக்குறீங்களா?"

"ஆமா," என்றார் டில்டா. "காசு கொடுத்தது தண்ணிக்கு. உங்களை நம்பினேன்னு எங்கயாவது எழுதிக் கொடுத்தேனா? நேத்து சாயங்காலம் தெற்கு நாணல்ல நாப்பத்தி மூணு வேட்டு. ஒரே ஆளோட டிரக்தான் நின்னுச்சு."

"குறி தப்பியிருக்கும். அதுல என்ன தப்பு?"

"இருக்கலாம். போய்க் கேட்டுப் பாருங்க."

 தெற்கு நாணல் வழக்கமாக யார் சுடும் இடமென்று எனக்கும் வெர்லினுக்கும் தெரியும். கர்ட்டிஸ், இருபது வருடமாக வெர்லினோடு ஒரே படகில் போகிறவர். வெர்லின் நேராகக் கர்ட்டிஸ் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினார்.

ஷெட் கதவு திறந்தே கிடந்தது. மேசையில் செய்தித்தாள் விரித்து, இன்னும் இறகு பறிக்காத செந்தலை வாத்துகள் பதினொன்று. சட்டப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான்.

"கல்யாண விருந்துக்குடா," என்றார் கர்ட்டிஸ். "யாரு எண்ணப் போறா?"

"எண்ணிட்டாங்க," என்றார் வெர்லின்.

வனத்துறை ஆளுக்கு வெர்லினே போன் செய்தார். அந்தப் பருவம் முழுக்க கர்ட்டிஸின் உரிமம் போனது. அதோடு நட்பும் போனது. சங்கத்தில் பாதிப்பேர் வெர்லினிடம் பேசுவதை நிறுத்தினார்கள். டாக்டரோடு சேர்ந்து எங்களைக் காட்டிக் கொடுக்கிறார் என்று என் காதுபடவே சொன்னார்கள். நானும் ஒரு வாரம் அவரைத் தவிர்த்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரலில் புது மதகு வைத்தோம். சங்கத்திலிருந்து வந்தது ஒன்பது பேர்தான். டில்டா ரப்பர் பூட்ஸோடு சேற்றில் நின்று கயிறு பிடித்தார். வேலை முடிந்ததும் வெர்லின் கேட்டார்:

"இந்த வருஷமும் எண்ணுவீங்களா?"

"எண்ணுவேன்."

"என்னையுமா?"

"உங்களை முதல்ல."

வெர்லின் முகம் சுருங்கியது. காபி குடுவையை டில்டா நீட்டியபோது வேண்டாமென்றுதான் சொன்னார். பிறகு வாங்கிக் குடித்தார்.