புள்ளி வைத்த ஃபோல்டர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம். என் அக்காவின் கம்ப்யூட்டரில் சத்தம் நின்றுபோனது. நிறுத்தியவன் நான். சரி செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, அவள் இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் எழுதி வைத்திருந்ததை அழித்தவனும் நான். முதலாவது அவளுக்குத் தெரியாது. இரண்டாவது தெரியும், ஆனால் அது எனக்குத் தெரியும் என்பது தெரியாது.

எண் போட்டு வரிசையாக எழுதினால் மனசு கொஞ்சம் தெளியும் என்று ஒரு நப்பாசை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"புதன்கிழமை காலை ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அக்காவின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சவுண்ட் டிரைவர்—"

[அடித்துவிட்டேன். அப்டேட் ஒரு பாவமும் அறியாதது. அக்காவிடம் சொன்ன பொய்யையே உங்களிடமும் சொல்லப் பார்த்தேன்.]

இரண்டாவது:

"அக்காவுக்கு முப்பத்தொரு வயதில் பார்வை—"

[இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் "அடடா" என்பீர்கள். அக்காவுக்கு "அடடா" என்றால் ஆகாது. பஸ்ஸில் யாராவது அப்படிச் சொன்னால் "ஏன், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று திருப்பிக் கேட்பாள்.]

ஆகவே வேலையிலிருந்து தொடங்குகிறேன். மருத்துவர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அக்காவின் தொழில். மேசைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். காலால் அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். "நான் சொன்னா வாயை மூடற ஆம்பளைங்க இவங்க மட்டும்தான்" என்பாள். திரையில் வருவதையெல்லாம் கம்ப்யூட்டரே அவளுக்கு வாசித்துக் காட்டும். அந்தக் குரலை அவள் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. மானிட்டரை ஒன்பது வருடங்களுக்கு முன்பே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். "எனக்கு இடத்த அடைக்குது. நீ வச்சுக்கோ."

நமக்குத் திரை அணைந்துபோனால் எப்படியோ, அவளுக்குச் சத்தம் போனால் அப்படி. சத்தம் இல்லாத அந்த மூன்று நாளும் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

3

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் ஒன்று உண்டு. அது தம்பி.

பகலில் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். பதினொரு சிறுகதைகள் அச்சில் வந்திருக்கின்றன. பன்னிரண்டாவது இரண்டு வருடமாக வரவில்லை. ஒவ்வொரு கதையையும் முதலில் கேட்பவள் அக்காதான். கேட்டு முடித்ததும், "மூணாவது பக்கத்துலயே முடிவு தெரிஞ்சுபோச்சுடா" என்பாள். அந்த ஒரு வரிக்காக ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிவேன். அவள் சொன்னது சரியாகவும் இருக்கும், அதுதான் கடுப்பு.

சில மாதங்களாக, நான் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் அறையிலிருந்து பெடல் சத்தமில்லாமல் தட்டச்சுச் சத்தம் மட்டும் வந்தது. நான் படியேறி வந்தால் அதுவும் நின்றுவிடும்.

"என்னக்கா, எழுதறியா?"

"யாரு, நானா? போடா வேலையப் பாத்துக்கிட்டு."

மாதத்துக்கு ஒரு நாள் அவளுடைய கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. சாவி என்னிடமும் உண்டு. புதன்கிழமை அவள் பக்கத்து வீட்டம்மாவோடு பல் டாக்டரிடம் போயிருந்தாள். நான் பையில் மானிட்டரோடு போனேன். எதற்கு மானிட்டர் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்ல "உதவி" என்று ஒரு சொல்லைத் தயாராக வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அக்காவின் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸில் ஒரு ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் அது திரையில் தெரியாது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தெரிந்துவிடும். அக்கா தன் எழுத்தை ஒரு புள்ளிக்குப் பின்னால் வைத்திருந்தாள். அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் இதையெல்லாம் தோண்டிப் பார்க்கத் தெரிந்தவன் ஒருவன்தான்.)

நூற்றுப் பத்துப் பக்கம் இருந்தது, முதல் பக்கத்தின் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. நாற்பது படித்தேன். எல்லாம் அத்தானைப் பற்றி. அத்தான் இறந்து நான்கு வருடமாகிறது. படித்துக் கண் கலங்கினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். கலங்கவில்லை. வயிறு எரிந்தது. பதினொரு கதைகளில் நான் ஒருமுறைகூட எட்டாத இடத்தில் அவள் சாவகாசமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

4

மானிட்டர் கேபிளில் படம் மட்டும் போவதில்லை, சத்தமும் போகும். நான் அதைச் சொருகிய உடனே கம்ப்யூட்டர் சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. என் மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. கேபிளைப் பிடுங்கிய பிறகும் சத்தம் பழைய பக்கம் திரும்பவில்லை. இவ்வளவுதான் கோளாறு. ஆனால் அப்போது எனக்கு இது தெரியாது.

அக்கா வாயில் பஞ்சோடு வந்தாள். ஹெட்போனை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"என்னடா, பேச மாட்டேங்குது?"

"அப்டேட் போட்டேன்கா. அதுல ஏதாவது ஆயிருக்கும்."

"போன மாசமும்தான் போட்ட."

"இது பெரிய அப்டேட். பாத்துச் சரி பண்ணணும்னா மானிட்டர் வேணும். வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

மானிட்டர் கதவுக்குப் பின்னால் பையில் இருந்தது. சத்தமில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எதிரே பூட்டிக் கிடந்த கடை வாசலில் இருபது நிமிடம் நின்றேன், என் வீட்டுக்குப் போய்வர அவ்வளவு நேரம் ஆகும். திரும்பி வரும்போது மூச்சு வாங்குவதுபோலக்கூட நடித்தேன். கண் தெரியாதவளிடம் நடிப்பது எவ்வளவு சுலபம் என்று— [இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.]

அன்று மாலைவரை இணையத்தில் கண்ட வரிகளையெல்லாம் எடுத்து ஒட்டினேன். சத்தத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். எந்தப் பக்கத்தில் எடுத்த வரியை எந்தக் கோப்பில் ஒட்டினேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியில் சவுண்ட் கார்டே பட்டியலிலிருந்து காணாமல்போய், "டம்மி அவுட்புட்" என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியது. அப்படி ஒரு கருவி எங்கேயும் கிடையாது. கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தது, இல்லாத ஒரு கருவியிடம்.

5

வியாழக்கிழமை அக்கா தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பார்வையற்றவர்களின் கம்ப்யூட்டர்களைப் போனிலேயே சரி செய்து கொடுப்பவர். அவருக்கும் பார்வை இல்லை. எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டிய கட்டளையாகவே பதில் சொல்வதால் அவர்களுடைய குழுவில் அவருக்குப் பெயர் "கட்டளை".

நான் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி தம்பி, ஆரம்பத்துல இருந்து வருவோம். சத்தம் போறதுக்கு முன்னாடி எப்பவாவது மானிட்டர் மாட்டினீங்களா?"

அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கை என் மேல் பட்டுக்கொண்டிருந்தது.

"இல்ல சார். போனதுக்கு அப்புறம்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாட்டியிருந்தீங்கன்னா அஞ்சு நிமிஷ வேலை. நீங்க ஒட்டின வரியெல்லாம் எடுத்துட்டு அவுட்புட்ட மாத்தினா போதும். மாட்டலைன்னா டிரைவரே அடியோட போயிருக்கணும். சிஸ்டத்த முழுசா அழிச்சுத் திரும்பப் போடணும்."

"என்கிட்ட ஏது சார் மானிட்டர்? ஒம்பது வருஷமா கிடையாது" என்று அக்கா எனக்காகச் சாட்சி சொன்னாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். இந்தக் கதையை எட்டு முறை திருப்பி எழுதிவிட்டேன், எட்டு முறையும் அந்த இடத்தில் தம்பியைப் பேசவைக்கப் பார்த்தேன். அசைய மாட்டேன் என்கிறான்.

6

வெள்ளிக்கிழமை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவைக்க உட்கார்ந்தோம்.

"என்ன அடிக்கறேன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடி. சத்தமில்லாம எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள்.

சொல்லிக்கொண்டே அடித்தேன். அவளுடைய கோப்புகளெல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டர், ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் என்றால் உள்ளே இருக்கும் எல்லாம் என்று அர்த்தம், புள்ளி வைத்தவை தவிர. ஒன்பது வருடமாக எனக்கு இது தெரியும்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள்.

"எல்லாத்தையும்தானே எடுக்கற?"

"எல்லாத்தையும்தான்கா."

இங்கே இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

முதல் பிரதியில் தம்பி மறந்துவிட்டான். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மூளை மழுங்கிவிட்டது, கை பழக்கத்தில் நட்சத்திரத்தைத் தட்டிவிட்டது. "மறைந்திருப்பதையும் சேர்த்து" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததால் அந்தச் சொல் தொண்டையில் நின்றுவிட்டது என்றும் ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். குற்றமுள்ள மனசு அப்படித்தான், நம்பலாம்.

இரண்டாவது பிரதியில் அவன் மறக்கவில்லை. நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு, அவள் கேள்வி கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, என்டரை அழுத்தினான்.

எது நடந்தது என்று என்னைக் கேட்டால் தெரியவில்லை என்பதுதான் உண்மை. தெரியவில்லை என்பதையே இரண்டாவது பிரதிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும்போது, விடிந்தும் எழுந்திருக்கப் பிடிக்காமல் கிடக்கிறேன்.

7

சிஸ்டம் புதிதாக ஏறியது. இந்த முறை மானிட்டரைக் கழற்றிய மறுகணம் ஹெட்போனில் சத்தம் வந்தது. அக்கா "வந்துட்டான்டா" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினாள். பென் டிரைவில் இருந்ததையெல்லாம் பழைய இடத்தில் போட்டுக் கொடுத்தேன்.

அவள் சரிபார்க்க ஆரம்பித்தாள். முதலில் டாக்டர்களின் கோப்புகள். பிறகு அவளுடைய விரல்கள் ஒரே நான்கைந்து விசைகளைத் திரும்பத் திரும்ப அழுத்தத் தொடங்கின. அழுத்துவாள், கேட்பாள், தலையைச் சாய்ப்பாள், மறுபடி அழுத்துவாள். எதைத் தேடுகிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் இரண்டடி தள்ளி கேபிளைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, ஏதாவது குறையுதா?"

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடா. எல்லாம் இருக்கு."

அதைக் கேட்டால், அப்படி ஒன்று இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நூற்றுப் பத்துப் பக்கம் போய்விட்டது, துக்கம் விசாரிக்க ஆளில்லை.

மறுநாள் கட்டளையைத் தனியாகக் கூப்பிட்டு, அழித்ததை மீட்க முடியுமா என்று கேட்டேன். "அதுக்கு மேலயே புது சிஸ்டத்த எழுதிட்டீங்களே தம்பி, இனி வராது" என்றார்.

8

முடிவுகள்.

(அ) தம்பி காலில் விழுகிறான், அக்கா மன்னிக்கிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே கூசியது.

(ஆ) அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். இப்படி முடித்தால் நான் தப்பித்துவிடுவேன், அதனால் வேண்டாம்.

(இ) அக்கா மறுபடி முதலிலிருந்து எழு—

[இல்லை. இரண்டு வாரமாகப் பெடல் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.]

படித்த நாற்பது பக்கத்தில் எனக்குச் சொல் பிசகாமல் நினைவிருப்பது ஒரே ஒரு வாக்கியம். "எங்களுக்குள் சண்டை வந்தால் அவர் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வருவார், சண்டை சமமாக இருக்கட்டும் என்று." இது இப்போது இந்தக் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. இதை அவளுக்கு அனுப்பினால் அவளுக்கு ஒரு வாக்கியம் திரும்பக் கிடைக்கும், தம்பி இருக்கமாட்டான். அழித்துவிட்டால் தம்பி இருப்பான், மாதாமாதம் வந்து அப்டேட் போட்டுவிட்டுப் போவான். எது அவளுக்கு நல்லது என்று தீர்மானிக்கும் யோக்கியதை எனக்கில்லை. நீங்கள் அவளுக்கும் வேண்டியவரில்லை, எனக்கும் வேண்டியவரில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நேற்று போன் செய்தாள்.

"ஏதோ எழுதறேன்னு சொன்னியே, முடிஞ்சுதா?"

"இன்னும் முடிவு வரலக்கா."

"பரவாயில்லடா. இருக்கற வரைக்கும் அனுப்பு. எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."