அதட்டத் தெரியாத காவல்

கிருத்திகாவுக்கு அதட்ட வராது. அதுவே அவள் வேலைக்கு உலை வைத்துவிடும் போலிருந்தது.

கேரள எல்லையிலுள்ள வாளையாரில், தன் தோப்பு வீட்டில் உட்கார்ந்தபடி அவள் காவல் காத்தது அரபிக்கடலுக்கு அடியில் போகும் இணையக் கேபிளை. அதன் பக்கம் எந்தக் கப்பல் வந்தாலும் திரையில் புள்ளியாகத் தெரியும். உடனே போன் போட்டு விரட்ட வேண்டும். நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய்க் கேபிளை அறுத்துவிட்டு, 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று கையை விரிக்கிற வெளிநாட்டுக் கப்பல்கள் இருக்கின்றனவே! ஆனால் தேங்காய் திருட வந்தவனிடமே "ஏனுங்க, பாத்து எறங்குங்க" என்று சொல்கிற குடும்பத்தில் பிறந்தவள் யாரை விரட்டுவாள்?

கொச்சி அலுவலக மேலாளர் ராஜாராமன், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், அன்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். "இன்னியோட ஒன் பயிற்சி முடியறது. ஒரு தடவையாவது அதட்டிக் காட்டு, கேட்டயா? இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மதியம் ஒரு கப்பல் வந்தது. ஏதோ தீவு நாட்டுக் கொடி. கேபிளுக்கு மேலே வந்ததும் வேகத்தைக் குறைத்தது. போனது, திரும்பியது, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. கிருத்திகா கடலோரக் காவல்படைக்குத் தகவல் சொன்னாள். அவர்கள் வந்து சேர நேரமாகும். அதுவரை அவள்தான். ராஜாராமனையும் லைனில் வைத்துக்கொண்டு கப்பலுக்கு போன் போட்டாள்.

கேப்டன் எடுத்தார். அலுவலகம் எழுதித் தந்த அதட்டல் வாசகம் கண்ணெதிரே ஒட்டியிருந்தும் வாய் வரவில்லை. அவள் பேசியது ஆங்கிலம்தான். உள்ளே ஓடியதென்னவோ வாளையார்த் தமிழ்.

"வணக்கமுங்க சார். சாப்பிட்டீங்களா?"

"என்னது?" என்றார் கேப்டன்.

"ஒரே எடத்துல சுத்திட்டு இருக்கறீங்களே, நங்கூரம் எதுலயாச்சும் மாட்டிக்கிச்சுங்களா? கவலைப்படாதீங்க. காவல்படைக் கப்பல் உங்களைத் தேடிக் கெளம்பிருச்சுங்க. உங்க முதலாளி நம்பரும் எங்கிட்ட இருக்குது, அவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன். நீங்க நல்லபடியாப் போற வரைக்கும் நான் பாத்துட்டேதான் இருப்பனுங்க."

கேப்டன் அவசரமாகக் குறுக்கிட்டார். உதவி வேண்டாம், கோளாறு எதுவும் இல்லை, இதோ கிளம்பிவிட்டோம் என்றார். சொன்ன கையோடு புள்ளி கேபிளை விட்டு ஓட்டம் பிடித்தது. கேபிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ராஜாராமன் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படியொரு மெரட்டலை நான் ஜன்மத்துல கேட்டதில்லே!"

"நான் மெரட்டவே இல்லைங்க சார்!" அவள் பதறிப்போனாள். "நெசமாத்தான் கேட்டனுங்க. பாவம், பசியோட இருந்தாங்களோ என்னமோ."

சிரிப்பு சட்டென்று நின்றது. "நெஜமாவா கேட்டே?"

"ஆமாங்க சார். வேலை போயிருச்சுங்களா?"

"நாளைக்கும் இதே மாதிரி கேளு" என்றார் ராஜாராமன்.