நிக்காது, நிக்கவே நிக்காது

ஊரே என் வீட்டுக்காரரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? பொறாமை என்பார்கள். காட்டுப்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் சுதா போன் போட்டு அதையே சொன்னாள். "அண்ணன் பேமஸ் ஆயிட்டாரு, உனக்குத்தான் காண்டு அண்ணி."

காண்டு இல்லை. பயம். பெற்ற பெண்ணை நினைத்துப் பயம்.

என் வீட்டுக்காரர் பிரகாசம் திருமழிசை தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். எங்கள் நெமிலிச்சேரி சர்ச்சில் கிறிஸ்மஸ் நாடகம் போட்டால் அவர் இல்லாமல் நடக்காது. ஏரோது ராஜாவாக வந்தாலும் சிரிப்பார்கள், மேய்ப்பனாக வந்தாலும் சிரிப்பார்கள். முகவாகு அப்படி. யாரோ அதைப் படம் பிடித்து போனில் போட, அதை ஒரு சீரியல் கம்பெனிக்காரர்கள் பார்த்து, இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். 'வெடவெட வீரமணி' என்று தொடருக்குப் பெயர். சனி, ஞாயிறு சாயங்காலம் டிவியில் வரும்.

வீரமணி ஒரு சூப்பர் ஹீரோ. ஆனால் தைரியமாக இருக்கும்போது அவனால் ஒரு ஊறுகாய் பாட்டிலைக்கூடத் திறக்க முடியாது. பயந்தால்தான் சக்தி வரும். கால் வெடவெடவென்று நடுங்கி, பல் அடித்து, கண் பிதுங்கி, அழும் நிலைக்கு வந்தால்தான் பஸ்ஸைத் தூக்குவான், பாலத்தைத் தாங்குவான். அவனுக்கு உடுப்பு, சிவப்பு லுங்கியும் ஹெல்மெட்டும். இந்தக் கூத்துக்கு என் புருஷன் முகம் அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது.

ரயில் காட்சிதான் அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. எங்கள் நெமிலிச்சேரி ஸ்டேஷன் என்று காட்டி எடுத்தது. பிளாட்பாரம் முடிகிற இடத்தைத் தாண்டித் தண்டவாளத்தில் வீரமணி நிற்கிறான். எதிரே மின்சார ரயில் வருகிறது. "நிக்காது... நிக்காது... ஐயோ, நிக்கவே நிக்காது!" என்று கதறிக்கொண்டே கையை நீட்டுகிறான். ரயில் அவன் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது. மயங்கி விழுகிறான். அப்புறம்தான் டிரைவர் எட்டிப் பார்த்துச் சொல்வார், "யோவ், இது ஸ்டேஷன்யா. எப்பவும் இங்கதான் நிக்கும்." அதுதான் சிரிப்பு. படப்பிடிப்பில் ரயிலே வரவில்லை என்பது வேறு விஷயம். ஒரு பச்சைத் துணியைப் பார்த்துத்தான் இவர் அப்படி நடுங்கினாராம். ரயிலைக் கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள்.

அந்த வாரத்திலிருந்து எங்களால் தெருவில் நடக்க முடியவில்லை. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுக்காமல் "அண்ணன் இல்லீங்களா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். திருமழிசை பஸ் கண்டக்டர் இவரை ஸ்டாப்பிங்கில் பார்த்தால் படியில் தொங்கிக்கொண்டு "நிக்காது, நிக்கவே நிக்காது!" என்று கத்துவார், பிறகு விசில் அடித்து நிறுத்துவார். பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே அதைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் மகள் ஃபெபிக்குத்தான் தலைகால் புரியவில்லை. காலேஜில் முதல் வருஷம். அதுவரை அப்பா வேலையைக் கேட்டால் "கம்பெனில கீறாரு" என்று மட்டும் சொல்லி மழுப்பிய பெண், இப்போது எல்லாரிடமும் "நான் வீரமணி பொண்ணு" என்றாள்.

ஒரு நாள் அவளே போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஆவடிப் பக்கம் யாரோ ஒரு பையன். சிவப்பு லுங்கி, ஹெல்மெட். தண்டவாளத்தில் நின்று கை நீட்டுகிறான். பச்சைத் துணி இல்லை, நிஜ ரயில். அது வருகிறது, ஸ்டேஷன் என்பதால் நிற்கிறது. அவன் விழுகிறான், சுற்றி நிற்பவர்கள் கூச்சல் போடுகிறார்கள். ஒரு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"இன்னாடி இது? எல்லா வண்டியும் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குமா?" என்றேன்.

"நிக்கிற வண்டி பாத்துதாம்மா பண்றாங்க. நீ வேற."

ஒன்று பத்தானது. பத்து நூறானது. பெண்கள், கல்யாண ஜோடி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன். பிரகாசம் சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். சீரியல் கம்பெனி மேனேஜர் நாகேந்திரனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். "கீழ ஒரு எச்சரிக்கை வரி ஓட விடறோம் சார், கவலைப்படாதீங்க" என்றார் அவர். வரி ஓடியது. யார் படித்தார்கள்?

கடைசியில் அவரே பேசி ஒரு வீடியோ போட்டார். லுங்கி இல்லை, ஹெல்மெட் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சட்டை. "தயவு செஞ்சி தண்டவாளத்துல நிக்காதீங்கப்பா. எனக்குப் பயமா கீது. யாருக்கனா எதுனா ஆச்சின்னா நான் தாங்க மாட்டேன்." சொல்லும்போது உதடு நடுங்கியது, கண் பிதுங்கியது. உண்மையாகவே பயந்தாலும் அவருக்கு அந்த முகம்தான் வரும். ஆண்டவர் கொடுத்தது அதுதான். கீழே பார்வையாளர்கள் எழுதியதைப் படித்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். 'தலைவன் வேற லெவல்.' 'சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி.' 'இதையே ஒரு எபிசோடா போடுங்க.' அந்த வாரம் தண்டவாளத்தில் நின்றவர்கள் முன்னைவிட அதிகம்.

ஃபெபி வீடியோ போடும் பக்கத்திலும் எழுத ஆரம்பித்தார்கள். 'அப்பா பண்ணாரு, பொண்ணு பண்ண மாட்டியா?' 'சும்மா பேருக்கு வீரமணி பொண்ணா?' அவள் ஒரு தரம் என்னிடம் கேட்டே விட்டாள். "ஒரே ஒரு தபாம்மா. ஒரிஜினல் எடம் நம்மளுது." காலை முறித்து அடுப்பில் வைப்பேன் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் காலேஜுக்குக் கிளம்பினால் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் மெஷினில் கால் வைப்பேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பிளவுஸ் வாங்க வந்த ஷோபனா, போனைப் பார்த்துக்கொண்டே, "இன்னா ஞானம், உன் பொண்ணு லைவ்ல வர்றா?" என்றாள்.

பிடுங்கிப் பார்த்தேன். சிவப்பு லுங்கியைச் சுடிதார் மேலே சுற்றிக்கொண்டு ஃபெபி பிளாட்பாரத்தில் நடக்கிறாள். அவள் கூடப் படிக்கிற ஜெர்வின் போனைப் பிடித்திருக்கிறான், அவன் குரல் மட்டும் கேட்கிறது. "ஒரிஜினல் எடம், ஒரிஜினல் பொண்ணு! இன்னும் கொஞ்ச நேரத்துல லோக்கல் வருது மக்களே!"

ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கி எழுப்பினேன். அவர் பனியனோடு வண்டியை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன். வழி முழுக்க "ஏசப்பா, ஏசப்பா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

பிளாட்பாரத்தில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். இவரைப் பார்த்ததும் ஒரே ஆரவாரம். "தலைவரே வந்துட்டாருடா!" என்று சூழ்ந்துகொண்டார்கள். தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். பிளாட்பாரத்தின் கடைசியில், சரிவு இறங்கித் தண்டவாளத்தின் நடுவே, என் மகள் நின்றிருந்தாள். எனக்கு அந்தச் சிவப்புதான் தெரிந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி சொன்னது. இப்போது வரும் வண்டி இந்த நிலையத்தில் நிற்காமல் செல்லும், பயணிகள் தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கவும். லோக்கல் தாமதமாம், முன்னால் வேக வண்டியை விடுகிறார்களாம். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. எங்கள் இரண்டு பேர் காதில் மட்டும் விழுந்தது.

பிரகாசம் கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினார். "நிக்காது! ஃபெபி, இந்த வண்டி நிக்காது! நிக்கவே நிக்காது!"

பிளாட்பாரமே அதிர்ந்தது. அத்தனை பேரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். "நிக்காது! நிக்கவே நிக்காது!" கைதட்டல், விசில். அவர் கால் நடுங்கியது, பல் அடித்தது, கண் பிதுங்கியது. அவர் எவ்வளவு நடுங்கினாரோ அவ்வளவு சிரித்தார்கள். "மெய்யாலுமே நிக்காதுடா! ஃபெபி, மேல ஏறி வாம்மா! ஐயோ, என் புள்ளய யாராச்சும் இசுத்து உடுங்கடா!" என்று கும்பிட்டுக்கொண்டே அழுதார். பக்கத்தில் ஒரு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். தூரத்தில் ஃபெபி அப்பாவைப் பார்த்துச் சந்தோஷமாகக் கை ஆட்டினாள். தனக்காக நடித்துக் கொடுக்க அப்பா வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள், பாவி.

என்னை யாரும் சூழவில்லை. என் முகம் எந்த டிவியிலும் வந்ததில்லை. இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. சரிவில் இறங்கி ஜல்லியில் ஓடும்போது தண்டவாளம் முனகியது, அதைக் காலில் உணர்ந்தேன். வண்டியின் ஹாரன் விடாமல் அடித்தது. ஃபெபி என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு போனது. ஆனால் கால் நகரவில்லை, மரத்துப்போய் நின்றாள். நான் அவள் லுங்கியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஜல்லியில் உருண்டோம்.

வண்டி போனது. எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அதன் காற்று முதுகில் அறைந்துகொண்டே இருந்தது. போன பிறகு பிளாட்பாரத்தில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. கை தட்டினார்கள். உண்மையாகவே கை தட்டினார்கள்.

பிரகாசம் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். அதையும் படம் எடுத்தார்கள்.

அன்றைக்கே அது ஊரெல்லாம் சுற்றியது. யாரோ பின்னணியில் தொடரின் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். ரயில் போகிற இடத்தை வெட்டிவிட்டு, என் வீட்டுக்காரர் கும்பிட்டு அழுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தார்கள். நாகேந்திரன் போன் போட்டார். "சார், செம்ம பெர்பார்மன்ஸ். புரோமோவுக்கு எடுத்துக்கலாமா?" இவர் போனை வைத்துவிட்டார். திரும்ப அந்தக் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. ஆனாலும் எடுத்ததெல்லாம் டிவியில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. தண்டவாளத்தில் நிற்கிறவர்கள் இப்போது 'நிக்காது' என்று கத்துவதில்லை. அது பழசாகிவிட்டது. "ஃபெபி, மேல ஏறி வாம்மா!" என்று கும்பிட்டுக் கத்துகிறார்கள், அவர் அழுத அதே குரலில். பட்டாபிராமில் கத்துகிறார்கள், ஆவடியில் கத்துகிறார்கள். பக்கத்து வீட்டுப் போனில் அந்தச் சத்தம் வந்தால் என் மகள் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருகிறாள். மற்ற நேரமெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். போனைத் தொடுவதில்லை.

பிரகாசம் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பார்த்தார், யாரையும் இறங்க விடாமல் தடுக்கலாம் என்று. அவரைப் பார்த்ததும் கூட்டம் இன்னும் கூடியது. "அண்ணாத்தே, ஒரு தபா அழுது காட்டு" என்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டரே வந்து, "நீங்க தயவு செஞ்சி வராதீங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பயமுறுத்த வேண்டிய இடத்தில் என் புருஷனால் சிரிப்புதான் காட்ட முடிகிறது.

அதனால் நான் போகிறேன். மெஷினை மூடிவிட்டுச் சாயங்காலங்களில் போய் பிளாட்பாரத்தின் கடைசியில் நிற்கிறேன். திட்டுவேன், கையைப் பிடித்து இழுப்பேன், ஒரு பையனை அறைந்தும் இருக்கிறேன். யாரோ பைத்தியக்கார ஆண்ட்டி என்கிறார்கள். என்னவோ சொல்லட்டும். வண்டிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னமும் பயம்தான், ஆனாலும் போகிறேன்.

நேற்று ஒரு பெண் வந்திருந்தாள். ஃபெபி வயதுதான் இருக்கும். நான் சரிவில் இறங்கிப் போவதற்குள் தண்டவாளத்தில் நின்று, தோழியின் போனைப் பார்த்துக் கும்பிட்டு, கண்ணைப் பிதுக்கி, "ஃபெபி, மேல ஏறி வாம்மா!" என்று கத்தினாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"யாரு ஆண்ட்டி நீங்க? ஃபிரேம்ல வர்றீங்க."

"ஃபெபியோட அம்மா" என்றேன்.

கும்பிட்ட கை அப்படியே நின்றது. தோழி போனைக் கீழே இறக்கினாள். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "அந்தப் பொண்ணு உயிரோட கீறாளா ஆண்ட்டி?" என்று கேட்டாள்.

"கீறா" என்றேன். "நீ மேல ஏறு."