முதுகுப் பக்கத்து வழி

கண்ணில் மாட்டியிருந்த கருவிக்குள் காளியப்பனின் சிறுநீரகம் மறுபடியும் ரத்தத்தில் மூழ்கியது. ரஞ்சிதா கைப்பிடிகளை மேசைமேல் போட்டுவிட்டுக் கருவியைக் கழற்றினாள். நெற்றியில் அது அழுத்திய இடம் எரிந்தது.

"முதல்ல இருந்து வைக்கட்டுமா மேடம்?" என்றாள் யுவஸ்ரீ. காளியப்பனின் ஸ்கேன் படங்களைக் கணினியில் ஏற்றி, அறுவையை ஒத்திகை பார்க்கக் கண்ணெதிரே மிதக்கும் உறுப்பாக மாற்றித் தந்த பொறியாளர் அவள்தான்.

"வை."

சேலத்துக்கு அறுவை மருத்துவராக வந்த பிறகு ரஞ்சிதா எத்தனையோ கட்டிகளை எடுத்திருக்கிறாள். இது அப்படி இல்லை. மல்லசமுத்திரத்துக் காளியப்பனுக்கு இருப்பதே ஒரு சிறுநீரகம். இன்னொன்றைப் பல வருஷங்களுக்கு முன்பே தங்கை மாரக்காளுக்குக் கொடுத்துவிட்டார். மிஞ்சியதில் இப்போது புற்றுநோய்க் கட்டி. பெரிய ரத்தக் குழாயைக் கிடுக்கி போட்டு அடைத்துவிட்டு, கட்டியை வெட்டி, சட்டென்று தைக்க வேண்டும். தாமதித்தால் உறுப்பு செத்துப்போகும். போதாக்குறைக்குக் கட்டியின் பின்னால் மெல்லிய குழாய் ஒன்று தனியாக வந்து சேர்ந்திருந்தது. வயிற்றுப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அவள் கத்தி கண்ணுக்குத் தெரியாமல் அதில்தான் போய்ப் பட்டது.

சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிடுவது சுலபம். அதன் பிறகு ஆயுசுக்கும் டயாலிசிஸ். முந்தின நாள் இதைச் சொன்னபோது காளியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்ட மனிதருக்குக் கட்டிலில் கால் தரிக்கவில்லை.

"முழுசா எடுத்தீங்கன்னா, எல்லாம் தன்னாலதான்னு எந்தங்கச்சி நெனச்சுக்குமுங்க. அதுக்காகவாவது கொஞ்சம் மிச்சம் வெய்யுங்க, சாமி."

அந்தப் பேச்சு ரஞ்சிதாவின் மனதைவிட்டு இறங்கவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் விரல்கள் தட்டின் ஓரத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தன.

இந்த முறை கணினியில் உடம்பை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லி, முதுகுப் பக்கமாக உள்ளே போனாள். மெல்லிய குழாய் நேராகக் கண்ணில் பட்டது. அதை அடைத்தாள், பெரிய குழாயையும் அடைத்தாள். கட்டி கழன்று வந்தது. மறுபடி செய்தாள். அப்போதும் வந்தது. யுவஸ்ரீ சிரித்தாள். ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரஞ்சுத் தோல் உரிகிற மாதிரி இவ்வளவு லேசாக நிஜத்தில் எதுவும் உரியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். மாரக்காள்.

"ஏனுங்க, எங்கண்ணனுத இதுல பாக்கலாம்னு சொன்னாங்க."

யுவஸ்ரீ கருவியை அவள் கண்ணில் மாட்டிவிட்டாள். மாரக்காள் வெறும் காற்றில் கையை நீட்டி எதையோ தடவினாள்.

"எனக்குக் குடுத்ததும் இப்படித்தான் இருந்துச்சுங்களா?"

"இதே அளவுதான் இருந்திருக்கும்மா" என்றாள் ரஞ்சிதா.

கருவியைக் கழற்றும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "அதை எடுத்துத் திருப்பி அண்ணனுக்கே வெச்சுர முடியாதுங்களா?"

ரஞ்சிதா அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "எடுத்தா நீங்க டயாலிசிஸ்ல கெடக்கணும். இப்படிக் கேட்டீங்கன்னு தெரிஞ்சாலே உங்க அண்ணன் எழுந்து ஊருக்குப் போயிடுவாரு."

"அது செரிதானுங்க." மாரக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதுல செஞ்சு செஞ்சு பாத்தீங்களாமா. இதுக்குள்ள எங்கண்ணனுக்கு என்னாச்சுங்க?"

யுவஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். மழுப்பிவிடலாமா என்று ரஞ்சிதாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"பல தடவை சிறுநீரகம் போயிடுச்சும்மா. முதுகுப் பக்கமா போனப்பதான் தப்பிச்சுது."

"அப்ப அந்தப் பக்கமே போங்க" என்றாள் மாரக்காள்.

மறுநாள் காலை அறுவை அரங்கில் ரஞ்சிதா அந்தப் பக்கமே போனாள். கணினி காட்டாத ஒன்று அங்கே காத்திருந்தது. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு, சுவரில் காய்ந்த சிமெண்டு போல அதோடு ஒட்டிக் கிடந்தது. மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரிக்க வேண்டியிருந்தது. மெல்லிய குழாய் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தாள். அங்கே அது இல்லை.

"இல்லாமலே இருக்குமோ மேடம்?" என்றார் உதவி மருத்துவர்.

"இருக்கு. நான் அதைப் பல தடவை அறுத்திருக்கேன்."

கத்தியை வைத்துவிட்டு விரல் நுனியால் தேடினாள். முதுகில் வியர்வை வழிந்தது. ஒட்டிய கொழுப்பு குழாயைக் கீழே இழுத்து வைத்திருந்தது. மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது அது. அதற்கும் பெரிய குழாய்க்கும் கிடுக்கி போட்டாள். அதன் பிறகு கைகள் யாரையும் கேட்கவில்லை, தாமாகவே வெட்டின, தைத்தன.

கிடுக்கிகளை விட்டதும் வெளிறிய சிறுநீரகம் மெல்லச் சிவந்தது. ஒரு மூலை மட்டும் ரத்தம் ஏறாமல் கறுத்து நின்றுவிட்டது.

சாயங்காலம் வரை, கட்டிலில் மாட்டிய சிறுநீர் சேரும் பை காலியாகவே தொங்கியது. மறுநாளும் பெரிதாக எதுவும் இறங்கவில்லை. டயாலிசிஸ் செய்தார்கள். ரஞ்சிதா மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போவாள், பாதியில் திரும்பி வந்து பையைப் பார்ப்பாள். அந்த மூலையைப் பற்றி மாரக்காளிடம் அவளே சொன்னாள். அதைக் கேட்ட மாரக்காள் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

இரண்டாம் முறை டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில் நர்ஸ் கூப்பிட்டாள். பையில் தெளிந்த மஞ்சள் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதிகமில்லை. ஆனால் நிற்கவில்லை.

"முக்கால்வாசி வேலை செய்யும்னு நெனைக்கிறேன்" என்றாள் ரஞ்சிதா. "பாத்துப் பாத்து வெச்சுக்கணும்."

காளியப்பன் அதைக் கேட்டுக்கொண்டார். கண் தங்கையின் முகத்திலேயே இருந்தது.

"ஏம் புள்ள, உம் முகம் ஏன் இப்படி வீங்கியிருக்குது? மாத்திரை போட்டியா?"

மாரக்காள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அண்ணன் கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் தினமும் மாத்திரை விழுங்கியாக வேண்டும். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை.

ரஞ்சிதாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. நர்ஸிடம் ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லிவிட்டு, மாரக்காளின் கைப்பையைத் தானே திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இப்ப. எம் முன்னாடி."

மாரக்காள் விழுங்கினாள். காளியப்பன் தலையணையில் சாய்ந்து, அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.