பங்கேற்பாளர் எண் ஏழு

டாக்டர் சீதாலெட்சுமியின் கட்டுரையை உலகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை. பின்லாந்தில் காட்டினார்கள், சிலியில் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் இருந்த மலேசியாவின் கிள்ளானில் மட்டும் யாரும் காட்டவில்லை. ஷா ஆலமில் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் 'ஆய்வுத் தாக்கப் பிரிவு' என்று ஒன்றைத் திறக்கும்வரை அது ஒரு குறையாகவே அவருக்குத் தோன்றவில்லை.

பிரிவின் அதிகாரி மஹ்ஜபீன் கறாரான பெண். "மேற்கோள் மட்டும் பத்தாது டாக்டர். உங்க ஆராய்ச்சியால யாரோட வாழ்க்கையாவது மாறியிருக்கணும். மாறினவங்க கையெழுத்துப் போட்டு லெட்டர் கொடுக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"யாரோட வாழ்க்கை?"

"யாரா இருந்தாலும் ஓகே லா. உங்களதைத் தவிர."

அதுதான் சிக்கல். கட்டுரையால் மாறிய ஒரே வாழ்க்கை அவருடையது. பேராசிரியர் ஆனார், ஜெனிவாவுக்கு இரண்டு முறை போய்வந்தார், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பதினெட்டாவது மாடிக்குக் குடிபோனார்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். குமுதா நடத்தும் பிள்ளைகள் இல்லம் ஒரு மாடி வீட்டில் இருந்தது. குமுதா கதவைத் திறந்ததுமே கேட்டார்:

"வாங்க டாக்டர். இந்த மாசம் நீங்க நாலாவது ஆராய்ச்சி. சாப்பாட்டுக்கு முன்னால கேக்குறீங்களா, பின்னாலயா?"

"கேக்க வரல. என் கட்டுரையால இங்க ஏதாச்சும் மாற்றம் வந்துச்சான்னு தெரிஞ்சிக்கலாம்னு..."

குமுதா நேர்மையாக யோசித்தார். "வந்துச்சு. நீங்க எழுதின பிறகுதான் இவ்ளோ பேரு வர ஆரம்பிச்சாங்க."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டிப் பார்த்து, கேட்காமலேயே ஒப்பித்தாள்: "ஆன்டி, எனக்கு ரெசிலியன்ஸ் இருக்கு." துன்பத்தைத் தாங்கி மீளும் திறன். கட்டுரையில் முப்பத்தொரு இடத்தில் வரும் சொல்.

அப்போது பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தேநீரோடு வந்தாள். அக்குளில் கசங்கிய காகிதக் கட்டு.

"ஆன்டி, இத எழுதினது நீங்கதானே? நான் மாதவி. இதுல பங்கேற்பாளர் எண் ஏழு நான்தான்."

யாரோ ஒரு மாணவர் விட்டுவிட்டுப் போன நகல். ஓரமெல்லாம் பென்சிலால் அர்த்தம் எழுதியிருந்தது. சீதாலெட்சுமிக்கு மனம் பூரித்துப்போனது. லெட்டர் கிடைத்துவிட்டது.

"முழுசா படிச்சியாம்மா? எப்படி இருந்துச்சு?"

"கஷ்டமா இருந்துச்சு. இங்கிலீஷ்தான்." மாதவி பதினான்காம் பக்கத்தைப் புரட்டினாள். "இது என்னை வளத்த மாரியாயி அத்தை உங்ககிட்ட சொன்னது. 'அவளுக்கு வலி வந்தப்ப வீட்ல யாருமில்ல'ன்னு இருக்கு. அப்புறம் மூணு புள்ளி. அப்புறம் 'பொண்ணு பொறந்துச்சு'ன்னு இருக்கு. அந்த மூணு புள்ளியில அத்தை என்ன சொன்னாங்க?"

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"தேவையில்லாத விவரம் வந்தா அப்படிப் புள்ளி வெச்சிருவோம்மா."

"யாருக்குத் தேவையில்ல?"

குமுதாதான் விளக்கினார். மாதவியின் அம்மாவிடம் அடையாளக் கார்டு இருந்தது. ஆனால் மகளைப் பதியாமலேயே இறந்துபோனாள். இப்போது பதியப் போனால், பிள்ளை எங்கே பிறந்தது என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அது மாரியாயிக்கு மட்டுமே தெரியும். அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்று, இரண்டு வருடத்துக்கு முன் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சீதாலெட்சுமி லெட்டர் கேட்காமலேயே கிளம்பினார்.

ஒலிப்பதிவுகளை ஐந்து வருடத்தில் அழிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அழித்துவிட்டதாக அவர் கையெழுத்தும் போட்டிருந்தார். சோம்பலில் அழிக்கவில்லை. விதிப்படி நடந்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. பழைய மடிக்கணினியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார்.

மாரியாயியின் குரல்: "அப்ப நாங்க செலாயாங்ல இருந்தோம். பாசார்ல காய் லோரி ஓட்டுற லோகன்தான் அவளத் தூக்கி லோரில போட்டான். அன்னைக்குத் தைப்பூசம், பத்துமலை ரோடு அசையல. வழியில ஒரு கிளினிக்ல எறக்கினோம், நர்சம்மா பெரிய நோட்டுல பேரெல்லாம்..."

நடுவே அவருடைய குரலே குறுக்கிட்டது: "சரிக்கா, அது இருக்கட்டும். அந்த நேரத்துல உங்க மனநிலை எப்படி இருந்துச்சு?"

சீதாலெட்சுமி காதில் இருந்ததைக் கழற்றி வைத்தார்.

மறுநாள் மாதவியை அழைத்துக்கொண்டு செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போனார். நாலு கடையில் விசாரித்ததும் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே லோகன் அகப்பட்டார். மாதவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் புள்ளையா நீ? ஐயோ, அன்னைக்கு நான் அழுத அழுகையில உங்கம்மாதான் எனக்குத் தைரியம் சொன்னாங்க!"

"இத்தனை வருசமா நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லலண்ணே?" என்றார் சீதாலெட்சுமி.

"எங்கிட்ட யாரும் கேக்கலையே மேடம்."

லோகன் வழிகாட்டிய கிளினிக் இன்னும் அதே இடத்தில் இருந்தது. பழைய டாக்டரின் மகன் பரணிலிருந்து நோட்டுகளை இறக்கித் தேடினார். தைப்பூச நாள், அம்மாவின் பெயர், அடையாளக் கார்டு எண், பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு. மாதவி அந்த வரியின்மேல் விரலை வைத்தாள், எடுக்க மனமில்லாமல் நின்றாள்.

வெள்ளிக்கிழமை மஹ்ஜபீன் முழுக்கதையையும் கேட்டார். கண்கூடக் கலங்கியது. பிறகு பாரத்தைப் பார்த்தார்.

"டாக்டர், இதை எழுத முடியாது. ஆடியோவ அழிச்சிட்டதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதோட இது கட்டுரையால மாறல, கட்டுரையில நீங்க விட்டதால மாறியிருக்கு. அதுக்குக் கட்டம் இல்ல. ஒரே ஒரு ஆள் வேற."

"அப்ப என்ன செய்யலாம்?"

"மத்தவங்க செய்றதுதான்."

மற்றவர்கள் செய்தது எளிமையானது. பக்கத்து அறைப் பேராசிரியர் பரமேஸ்வரன், சீதாலெட்சுமியின் ஆராய்ச்சியால் தம் வாழ்க்கையே மாறியதாக ஒரு லெட்டர் கொடுத்தார். இவரும் அவருக்கு ஒன்று கொடுத்தார். மூன்றாம் மாடி முழுக்க எல்லாருடைய வாழ்க்கையையும் எல்லாரும் மாற்றியிருந்தார்கள். துறைக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. டீன் கேக் வெட்டினார்.

எட்டு மாதத்தில் மாதவிக்குப் பிறப்புப் பத்திரம் வந்தது, அடுத்து அடையாளக் கார்டு. அதில் தன் படம் கண்றாவியாக இருக்கிறது, மாற்ற முடியுமா என்று போன் செய்து சண்டை பிடித்தாள். சீதாலெட்சுமி சிரித்துக்கொண்டே அவளைக் காத்திருக்கச் சொன்னார். இன்னொரு போனில் பங்கேற்பாளர் எண் பதினொன்றின் விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹலோ, அண்ணே, நீங்க முன்ன காப்பார் டவுன்ல ஸ்கூல் பஸ் ஓட்டுனீங்களா? ஒரு பொண்ணைப் பத்திக் கேக்கணும். இல்லண்ணே, அவசரமில்ல. நீங்க முழுசா சொல்லுங்க."