முன்கதவு திறக்காது

விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கு வெர்னா கில்க்ஸ் தன் பஸ்ஸைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாகச் சுற்றுகிறாள். டயருக்கு ஒரு உதை, விளக்குகளுக்கு ஒரு பார்வை. சக்கர நாற்காலிக்கான சாய்பலகையை இறக்கி ஏற்ற வேண்டும், மேல்தட்டுவரை ஏறி இறங்க வேண்டும், முன்கதவையும் நடுக்கதவையும் மூன்று தடவை திறந்து மூட வேண்டும். ஏப்ரல் மாதக் குளிர் டிப்போத் தரையிலிருந்து பூட்ஸுக்குள் ஏறி முழங்காலைப் பிடித்தது. சுற்றிலும் அறுபது என்ஜின்கள் உறுமின. டீசல் புகை தொண்டையில் கரித்தது.

இந்தச் சோதனையை முடித்துக் கோளாறு அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் பஸ் வாசலைத் தாண்டலாம். ஏதாவது கோளாறு என்று டிரைவர் எழுதிவிட்டால் கதை வேறு. 'சரிசெய்தாயிற்று, ஓட்டலாம்' என்று மெக்கானிக்கோ மேனேஜரோ எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். அதுவரை அரண்மனையிலிருந்து ஆள் வந்து கேட்டாலும் வண்டி நகராது.

பஸ்ஸின் விலாவில் ஆளுயர எழுத்தில் அரசாங்க விளம்பரம்: 'வீட்டிலேயே இருங்கள்.' அந்த வாசகத்தை லண்டன் முழுக்கச் சுமந்து திரிய ஒருத்தி தினமும் வீட்டை விட்டு வர வேண்டியிருந்தது. எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்த யோசனையோ!

ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. மாலை ஐந்து மணியானால் மந்திரி ஒருவர் தொலைக்காட்சியில் வந்து நிற்பார். கையைக் கழுவுங்கள், ஆறடி தள்ளி நில்லுங்கள் என்பார். பஸ் டிரைவருக்கு முகக்கவசம் அவசியமில்லை என்று வழிகாட்டுதல் தாளில் எழுதியிருந்தது. டிரைவர் அறையை மறைத்துப் பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறதே, அது போதுமாம். அந்தத் தடுப்பில், பயணிகள் பேசுவது கேட்க வேண்டுமென்று, சரியாக வாய் உயரத்தில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போட்டிருந்தார்கள். முன்கதவில் ஏறுகிற ஒவ்வொருவரும் குனிந்து அந்தத் துளைகளில்தான் கேள்வி கேட்டார்கள். அதே துளைகளில்தான் இருமினார்கள்.

எபோ குவான்சா என்ற கானாக்காரன் வெர்னாவுக்கு முந்தின சாயங்கால ஷிப்டு. அவன் இறங்கின சீட்டில் அவள் ஏறுவாள். மார்ச் கடைசியில் ஒருநாள், சாப்பாட்டைச் சுற்றி வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை வீட்டிலிருந்து கொண்டுவந்து துளைகளை அடைத்துவிட்டான். மேனேஜர் கிளைவ் பெட்டிஃபர் பார்த்துவிட்டார். 'வண்டியில் அனுமதியில்லாத மாற்றம். அடுத்த டிரைவர் கிழித்துவிட்டு எடுக்கவும்' என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த டிரைவர் வெர்னா. கிழித்தாள்.

எபோ மறுவாரம் காய்ச்சலில் விழுந்தான். ஒன்பதாம் நாள் செத்துப்போனான். கல்லறைக்குப் பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது என்பதால் சவ வண்டியை டிப்போ வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனார்கள். டிரைவர்கள் ஆறடிக்கு ஒருவராக நடைபாதையில் நின்றார்கள். வெர்னாவுக்கு மட்டும் தலையைத் தூக்க முடியவில்லை. வீட்டில் அவள் கணவன் லிண்டனுக்கு நுரையீரல் ஏற்கெனவே பாதி போய்விட்டது. மூன்று வாரமாக அவள் கூடத்து சோபாவில் படுக்கிறாள், தனித் தட்டில் சாப்பிடுகிறாள்.

இன்றைக்குப் பேனாவை எடுத்தவள் வழக்கமான கையெழுத்தைப் போடவில்லை. கோளாறு என்ற கட்டத்தில் நிறுத்தி எழுதினாள்: 'முன்கதவு திறக்கிறது. பயணிகளின் மூச்சு டிரைவர் முகத்தில் படுகிறது. உயிருக்கு ஆபத்து.'

போலந்துக்கார மெக்கானிக் யானுஷ் அட்டையை இரண்டு தரம் படித்தான்.

"என்னக்கா இது? கதவு திறக்கலேன்னாத்தானே எங்கிட்ட வருவீங்க?"

"இப்போ திறக்கிறதுதான் கோளாறு. பத்திரம்னு நீ எழுதிக் கையெழுத்துப் போடு. எடுத்துட்டுப் போறேன்."

யானுஷ் பேனாவை விரலிடுக்கில் உருட்டினான். பிறகு அதைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டான். "எபோ எனக்கும் கூட்டாளிதான். நான் போட மாட்டேன்."

பக்கத்து வண்டியிலிருந்து ஃபெர்கல் டோலன் எட்டிப் பார்த்தான். சங்கப் பிரதிநிதி. அயர்லாந்தில் பிறந்த வாய். இடுகாட்டிலும் சும்மா இருக்காது.

"ஏ மகராசி, காலங்காத்தாலே என்ன பஞ்சாயத்து?" அட்டையை வாங்கிப் படித்தான். சிரிப்பு போய்விட்டது. "ஆபத்துக்குக் கீழே ரெண்டு கோடு போடு வெர்னா. நம்ம மேனேஜருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்."

தன் அட்டையை எடுத்து அதே மூன்று வரியை எழுதினான். என்ஜினை அணைத்தான். அடுத்த வரிசையில் ஒருத்தி அணைத்தாள். செய்தி வண்டி வண்டியாகப் போயிற்று. ஐந்தே நிமிஷத்தில் டிப்போவுக்குள் கூரைப் புறாக்களின் சத்தம் கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் அங்கே புறா இருப்பதே வெர்னாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த அமைதிதான் மேனேஜரை மாடியிலிருந்து இறக்கியது.

"என்ன, இன்னிக்கு யாருக்கும் வண்டி எடுக்க மனசில்லையா?"

"எடுக்கத்தான் வந்திருக்கோம் கிளைவ்," என்றாள் வெர்னா. "கோளாறு எழுதியிருக்கு. சரிபண்ணிக் குடுங்க."

"இது கோளாறா? வெளையாடறீங்களா? அரசாங்க வழிகாட்டுதல் தெளிவா இருக்கு. அந்தத் தடுப்பே போதும்."

"அதை எழுதின மனுஷன் எந்த ஸ்டாப்புல ஏறுவாரு?" என்றான் ஃபெர்கல். "சொல்லுங்க, நானே நின்னு ஏத்திக்கிறேன். பக்கத்துல உட்காந்து இருமச் சொல்றேன்."

சிரிப்பு எழுந்தது. கிளைவின் காது சிவந்தது.

"முன்கதவைப் பூட்டிருவோம்," என்றாள் வெர்னா. "சனங்க நடுக்கதவுல ஏறி இறங்கட்டும். எங்களுக்குப் பின்னாடி ரெண்டு வரிசை சீட்டை டேப் கட்டி மறிச்சிருவோம். அவ்வளவுதான் கேக்கறோம்."

"டிக்கெட் மெஷின் முன்கதவுல இருக்கு, மறந்துட்டியா? நடுவுல ஏத்தினா ஊரே ஓசியில போகும். மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

"அப்போ எபோ அந்த மெஷினுக்காகத்தான் செத்தானா?" வெர்னா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "அவன் ஒட்டின பிளாஸ்டிக்கைக் கிழிச்சது யார் தெரியுமாப்பா? நான். இந்தக் கையால, நகத்தால சுரண்டி எடுத்தேன். இவர் சொன்னாரு, செஞ்சேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அவன் பொண்டாட்டி முகத்துல முழிக்க முடியலை எனக்கு."

"வெர்னா, எல்லாருக்கும் வருத்தம்தான். ஊரே வியாழக்கிழமை ராத்திரி உங்களுக்காக வாசல்ல நின்னு கை தட்டுது…"

"கை தட்டினா காத்து சுத்தமாயிருமா?" அட்டையை நீட்டினாள். "தகராறே வேண்டாம். 'இந்த வண்டி பத்திரம்'னு நீங்க எழுதுங்க. கிளைவ் பெட்டிஃபர்னு முழுப் பேரும் போடுங்க. இந்த நிமிஷமே எடுக்கறேன்."

அவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அட்டையில் அவள் எழுதியிருந்த கடைசி வரியைப் பார்த்தார். பேனா முனை தாளுக்கு ஒரு விரல்கடை மேலேயே நின்றது. நூறு கண்கள் அந்த விரல்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் பேனாவை மூடினார்.

"இது சட்டவிரோத வேலைநிறுத்தம். ஒவ்வொருத்தன் பேரும் மேலே போகும். அப்புறம் சீட்டுக் கிழியும்போது எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அப்போதுதான் வாசல் பக்கம் கூச்சல் கேட்டது. கம்பித் தடுப்புக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர். ஆஸ்பத்திரியில் கூட்டுபவர்கள், கிடங்கில் பெட்டி தூக்குபவர்கள், முதல் பஸ்ஸுக்கு நிற்கிற முகங்கள். முன்னால் அம்பாரோ. கொலம்பியாக்காரி. தினமும் ஏறும்போது வெர்னாவுக்கு ஒரு குட் மார்னிங் சொல்லுவாள்.

"எங்கேம்மா பஸ்? ஆறரைக்கு நான் வார்டுல நிக்கணும்! ஒரு நிமிஷம் தாமதமானா பாதி நாள் கூலி போச்சு. உங்களுக்கு இன்னிக்குத்தான் போராட்டம் கிடைச்சுதா?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. கம்பித் தடுப்பை நோக்கி நடந்தாள்.

கிளைவ் உடனே வாசலுக்கு ஓடினார். "நல்லாக் கேளுங்கம்மா. இவங்களாலதான். உங்க மேல இவங்களுக்குத் துளி இரக்கம் இருந்தா வண்டியை எடுத்திருக்க மாட்டாங்களா?"

அம்பாரோ அவரைப் பார்க்கவில்லை. வெர்னாவைப் பார்த்தாள். "என்ன ஆச்சு? நீ சொல்லு."

வெர்னா சொன்னாள். எபோவை, துளைகளை, டிக்கெட் மெஷினை. நாலே வாக்கியம். அம்பாரோ கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்.

"எபோவா? சில நாள் சாயங்காலம் ஓட்டுவானே, சிரிச்ச முகம், அவனா?" மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள். "நாங்க அங்கே குப்பைப் பையை உடம்புல சுத்திக்கிட்டுக் கூட்டறோம், சாமி. கேட்டா எங்களுக்கும் இதே வழிகாட்டுதல்தான் காட்டறாங்க. நான் ஆறரைக்கு வார்டுல நிக்கணும், அவ்வளவுதான். அது எந்தக் கதவா இருந்தா என்ன? ஜன்னல் வழியா ஏறச் சொன்னாலும் ஏறுவேன். முன்கதவுல மட்டும் ஏற மாட்டேன்."

யானுஷ் இதையெல்லாம் கேட்டபடி நின்றான். பிறகு வெர்னாவின் பஸ்ஸுக்குள் ஏறினான். ஸ்குரூ கழட்டும் சத்தம் வந்தது. முன்கதவுக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சீட்டு வரிசையைச் சிவப்பு டேப்பால் குறுக்கே கட்டினான். இறங்கி வந்து அட்டையை வாங்கி, பெரிய கோணல் எழுத்தில் எழுதினான்: 'கோளாறு சரிசெய்யப்பட்டது. முன்கதவு இனித் திறக்காது. ஓட்டலாம். யானுஷ் வில்ச்செக்.'

"இப்போ அட்டை சுத்தம்," என்றான் மேனேஜரிடம். "சட்டப்படி."

"உன் வேலை போச்சு!"

"கதவை ரிப்பேர் பண்ணினதுக்கா?"

டிப்போ அதிரச் சிரித்தார்கள். ஃபெர்கல் தன் அட்டையை நீட்டினான். "தம்பி, என் வண்டிக் கதவும் ரொம்ப மோசம். திறந்துக்கிட்டே இருக்கு." அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. அட்டையும் கையுமாக, ஆறடிக்கு ஒருவராக.

வெர்னா வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தாள். அம்பாரோவும் மற்றவர்களும் கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து, நடுக்கதவில் ஏறித் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆனால் வாசல் தடுப்புக்கம்பி உயரவில்லை. அதன் சாவி கிளைவிடம் இருந்தது. அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மேலிடத்தோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். "இல்லை சார்… சட்டப்படி அட்டை சரியாத்தான் இருக்கு சார்… மொத்த டிப்போவும்தான் சார்…" என்பது மட்டும் காதில் விழுந்தது. வெர்னா என்ஜினை அணைக்கவில்லை. வேலை போகலாம், கம்பி உயராமலே போகலாம். போனாலும் சரி, இனி யார் சொன்னாலும் இன்னொருத்தர் உயிரைக் காக்கிற தடுப்பைத் தன் கையால் கிழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

ஃபெர்கல் போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்து டிரைவர் ஜன்னலில் தட்டினான். "ஆத்துக்கு வடக்கே ஒரு டிப்போவுல இருந்து கூப்பிடறாங்க. யாரோ நம்ம வாசலைப் படம் புடிச்சு அனுப்பியிருக்கான். அட்டையில என்ன எழுதினோம்னு கேக்கறாங்க. நீயே சொல்லு."

வெர்னா போனை வாங்கினாள். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண், மூச்சு வாங்கப் பேசினாள். "மெதுவா சொல்லுங்கக்கா. எழுதிக்கிறேன்."

வெர்னா மூன்று வரியையும் வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். உயிருக்கு ஆபத்து என்பதை இரண்டு முறை சொன்னாள். "கீழே உன் முழுப் பேரையும் போடு. அதுதான் முக்கியம்."

"நான் மட்டும் இல்லக்கா. இங்கே நாப்பது பேர் நிக்கிறோம்."

"அப்போ நாப்பது பேரும் போடுங்க," என்றாள் வெர்னா.