பெஞ்ச் மூன்று, பம்ப் கொட்டகைக்குக் கிழக்கே

மதியம் இரண்டு மணிக்கு என் ஷிப்ட் முடிந்திருக்க வேண்டும். அடுத்து வர வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. "நீயே பாத்துக்கம்மா" என்றார் மேனேஜர் அரங்கநாதன். சரிங்க சார் என்றேன். எனக்கு வேறு பதில் வராது.

அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலை. அதன் ஆய்வகத்தில் நான் கெமிஸ்ட். சுரங்கத்தைப் படிப்படியாக வெட்டுவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்ச். தினமும் ஒவ்வொரு பெஞ்சிலிருந்தும் கல் வரும். வேணி அக்கா அதை உடைத்து, அரைத்து, நன்றாகக் கலந்து, அதில் ஒரு பங்கை மட்டும் கவரில் போட்டுச் சீட்டு ஒட்டித் தருவார். அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று நான் பார்த்துச் சொல்வேன்.

மூன்றரை மணிக்கு அன்றைய கவர்கள் வந்தன. மூன்றாவது கவரின் சீட்டைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தேன்.

"பெஞ்ச் 3. பம்ப் கொட்டகைக்குக் கிழக்கே. ஜூன் 14."

சீட்டில் பெஞ்ச் எண்ணும் அன்றைய தேதியும்தான் இருக்கும். இது கார்த்திகை மாதம். பம்ப் கொட்டகையை இடித்து இரண்டு வருடமாகிறது.

திரும்பி என் மேசையைப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் புரண்டுகொண்டிருந்தன. அவற்றின் மேல் வைத்திருந்த கல் இல்லை.

அப்பா இதே சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டினார். நான் பி.எஸ்சி. வேதியியல் தேறிய அன்று துண்டில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தார். ஆட்டுக்கொம்புபோலச் சுருண்ட சிப்பிக்கல். இங்கெல்லாம் கடல் இருந்த காலத்தது. "எங்க கெடச்சுதுன்னு எழுதி வைக்கலன்னா அது வெறுங்கல்லுதாம்ப்பா" என்றேன். படித்த திமிர். அப்பா டயரில் எண் போடும் பெயிண்ட் மார்க்கரை எடுத்துவந்து கிடைத்த இடத்தையும் தேதியையும் கல்லின் அடியில் எழுதிக் கொடுத்தார்.

போன மாசியில் அப்பா இறந்தார். கல் வீட்டில் இருந்தால் அம்மா அதைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள் என்று ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

வேணி அக்கா கல் உடைக்கும் கிரஷரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் மேசையில ஒரு கல்லு இருந்துச்சே."

"சுருளா? அதப் போட்டுட்டனே பாப்பா. காலையில அரைக்குற ரூம் பூட்டிக் கெடந்துச்சின்னு சாம்பிள் ட்ரேய உன் மேசையில வச்சிட்டுப் போயிருக்கானுவ. ட்ரே முழுக்க பெஞ்ச் மூணு. இதுலயும் பெஞ்ச் மூணுன்னு எழுதியிருந்துச்சி. உருண்டு வெளிய வந்துருச்சாக்கும்னு சேத்துப் போட்டேன்."

"சுருளா இருக்கேன்னு பாக்கலையா?"

"நம்மூருக் கல்லுல பாதி சுருளுதான. அதெல்லாம் பாத்தா மில்லு ஓடுமா?" சிரித்தார். "எழுத்து முத்தாட்டம் இருந்துச்சி. நம்ம ஆளுவ எழுதுனா கோழி கிண்டுன மாதிரில்ல இருக்கும். யாரோ புது ஆபீசரு போலன்னு ஒரு எழுத்து விடாம சீட்டுல எழுதினேன்."

"எங்கப்பா எழுதுனதுக்கா."

வேணி அக்கா கையிலிருந்த துணியை மடித்தார். பிறகு பிரித்தார்.

"கருப்பண்ணண்ணனா" என்றார். "மீதிய தொட்டியில கொட்டிட்டேன். லோடரு வந்து அள்ளிட்டுப் போயிடுச்சி."

வேலைக்குச் சேர்ந்த பிறகு கல்லை ஒருமுறை எடைபோட்டிருக்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டு கிராம். இன்று அரைத்தது மொத்தம் இரண்டு கிலோ. கவரில் இருப்பது இருநூறு கிராம். அதில் அப்பாவின் கல் நாற்பத்தொரு கிராம் இருக்கும். எந்த நாற்பத்தொரு கிராம் என்று சொல்ல முடியாது.

போன் அடித்தது. மேனேஜர். "பெஞ்ச் த்ரீ என்னாச்சிம்மா? மில்லுலேருந்து உசுர எடுக்கறானுவ."

சோதித்து ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. நானும் வீட்டுக்குப் போகலாம். கவர் ஒரு மாதம் அலமாரியில் இருக்கும், பிறகு அதுவும் தொட்டிக்குப் போகும்.

"அந்த சாம்பிள் செல்லாதுங்க சார். பழைய கல்லு ஒண்ணு கலந்துருச்சி."

"யாரு கலந்தது?"

வேணி அக்கா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கல்லுங்க சார். நான்தான் மேசையில வச்சிருந்தேன்."

"லேப்ல கல்லு வச்சு என்னம்மா பண்ற, வூட்ல அம்மி இல்லையா?" பெருமூச்சு கேட்டது. "புதுசா எடுத்தாரச் சொல்றேன். முடிச்சிட்டுப் போ."

ஐந்து மணிக்குப் புதுக் கற்கள் வந்தன. வேணி அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இன்னிக்குன்னு ஒரு சுருளு கூட இல்ல பாப்பா."

"வேணாங்கக்கா. அரைங்க."

செல்லாத சாம்பிளை யாரும் கேட்பதில்லை. கவரைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு செந்துறை பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. கண்ணை மூடினால் கிரஷர் சத்தம்தான் கேட்டது.

வீட்டில் டப்பாவைக் கழுவ எடுத்த அம்மா கவரைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னா இது, கோலமாவா?"

"அப்பா கல்லும்மா. தவறிப்போய் அரைச்சிட்டாங்க."

அம்மா விளக்கடிக்குப் போய்ச் சீட்டைப் படித்தாள். கவரைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் அசைத்தாள்.

"இவ்வளவுதானா?"

"இதுலயும் எல்லாம் அது இல்லம்மா. அஞ்சுல ஒரு பங்குதான்."

அம்மா அழவில்லை. கவரின் வாயை இன்னொரு மடிப்பு மடித்து, அப்பாவின் மூக்குக் கண்ணாடி இருக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கை கழுவிட்டு வா" என்றாள். "நகத்துலெல்லாம் பவுடரா இருக்கு."

நான் கையைப் பார்த்தேன். கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.